தோழி இல்லாக் கைக்கிளை

ஒரு சொல்லுக்கு அகராதிக்காரர்கள் மகுடம் சூட்டுகிறார்கள் என்றால், அச்சொல் சுட்டும் பொருள் மக்கள் வாழ்வில் வேரூன்றிவிட்டது என்பதே கருத்து. 2025ஆம் ஆண்டின் சொல்லாகக் கேம்பிரிட்ஜ் அகராதியினர் தேர்ந்தெடுத்தது 'பாராசோஷியல்' என்பதாகும். தம்மை அறியவே அறியாத ஒருவரோடு தமக்கு நெருங்கிய உறவு உண்டென்று ஒருவர் உணரும் நிலையை அது குறிக்கிறது. அந்த 'ஒருவர்' நடிகராகவோ பாடகராகவோ இருக்கலாம். இணையத்தில் நாள்தோறும் முகங்காட்டிப் பேசுபவராக இருக்கலாம். மனிதரே அல்லாத செயற்கை அறிவுப் பொறியாகவும் இருக்கலாம்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது? 'போலி உறவு' என்பார் உளர். அது வசை, பொருள் விளக்கம் அன்று. 'ஒருதலை உறவு' என்பார் உளர். அது ஓரளவு பொருந்தும். இலக்கணம் கற்றவர்களோ, 'நம்மிடம் கைக்கிளை என்னும் சொல் இருக்க, வேறு சொல் தேடுவானேன்?' என்று வினவுவார்கள். நியாயமான வினாவே. ஆயினும் கைக்கிளை என்னும் சட்டை இந்தப் புதிய உடம்புக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்த பின்னரே அணிவித்தல் வேண்டும். அவ்வாறு அளக்கும்போது, இன்றைய இளைஞரின் தனிமையைப் பற்றி நாம் பேசும் பேச்சுகள் பலவும் அளவு தவறியவை என்பது புலனாகும். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பழைய கட்டுரை

சொல்லுக்கு மகுடம் புதிது; சொல் புதிதன்று. 1956இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், 'சைக்கியாட்ரி' என்னும் ஆய்விதழில் ஒரு கட்டுரை வரைந்தனர். வானொலி வேரூன்றித் தொலைக்காட்சி தளிர்த்த காலம் அது. நிகழ்ச்சி நடத்துபவர் நேயரை நேருக்கு நேர் நோக்குகிறார். வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாற்போல் இயல்பாக உரையாடுகிறார். நேயர் மறுமொழி கூறியதைப் போலவே தம் பேச்சைத் தொடர்கிறார். நாள்கள் செல்லச் செல்ல, நேயருக்கு அவரோடு பழகிய ஒரு வரலாறே உண்டாகிவிடுகிறது. தொலைவில் இருந்துகொண்டே அண்மையில் இருப்பதாகத் தோன்றும் இந்த நிலைக்குத்தான் அவ்விருவரும் அப்பெயரைச் சூட்டினர். நிகழ்ச்சி நடத்துபவரின் அந்த முகத்தை அவர்கள் 'பெர்ஸோனா' என்று அழைத்தனர். இலத்தீனில் அது நாடக முகமூடியைக் குறிக்கும் சொல்.

அக்கட்டுரையை இன்று எடுத்துப் படிப்பவர்க்கு அதன் நிதானம் முதலில் கண்ணில் படும். நேயர்களை அது எள்ளி நகையாடவில்லை. நோயாளிகள் என்று முத்திரை குத்தவும் இல்லை. நட்பின் சாயல் இதில் உண்டு, ஆனால் நட்பின் கடமை இல்லை என்பதே அவர்கள் கண்ட வேறுபாடு. நேயர் விரும்பிய கணத்தில் எழுந்து போகலாம். நிகழ்ச்சி நடத்துபவர் காரணம் கேட்கமாட்டார். மறுபுறத்தில், இந்த உறவை வளர்க்கவோ திருத்தவோ நேயருக்கு வழி இல்லை. கடிவாளம் முழுவதும் பேசுபவர் கையில். முதுமையாலும் பிணியாலும் கூச்சத்தாலும் ஒதுங்கியவர்களுக்கு இது ஓர் ஆறுதல் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். மெய்யான உறவுகளின் இடத்தை இது முழுவதுமாகக் கைப்பற்றி, உண்மை நிலையை மறுக்கத் தொடங்கும்போதுதான் நோயாகும் என்று எல்லைக்கல் நட்டனர்.

அவர்கள் எடுத்துக்காட்டிய நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. 'தனிமைப் பெண்' என்று பொருள்படும் 'லோன்ஸம் கேல்' என்னும் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி அது. 1940களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்நிகழ்ச்சியில் ஜீன் கிங் என்னும் பெண்மணி, கேட்பவன் ஒருவனே இருப்பதைப் போல, மெல்லிய குரலில், கொஞ்சும் சொற்களால், 'நானும் தனிமையில்தான் இருக்கிறேன்' என்னும் பாவனையில் பேசுவார். திருமணம் செய்துகொள்ள விரும்பிக் கடிதம் எழுதினோர் பலர். பொதுமக்கள் முன் தோன்ற நேர்ந்தால் அவர் முகமூடி அணிந்தே வந்தார். அவரவர் நெஞ்சில் தீட்டிக்கொண்ட முகம் அழியாதிருத்தல் வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தக் கொஞ்சு மொழிகளுக்கிடையே புகைக்குழாய்ப் புகையிலை விளம்பரமும் ஒலித்தது.

முகமூடியும் வணிகமும்

இங்கேதான் ஹார்ட்டன், வோல் இருவரின் கட்டுரையில் ஒரு குறையை நாம் காண்கிறோம். முகமூடியை அவர்கள் நுணுகி ஆய்ந்தார்கள். முகமூடிக்குப் பின்னே புகையிலை விற்றவனை அவ்வளவாக ஆய்ந்தாரல்லர். நேயருக்குத் தமக்கென ஒரு வீடும் குடும்பமும் நண்பர் கூட்டமும் இருக்கும் என்பதையும் பொதுவிதியாகக் கொண்டார்கள். ஒதுங்கியோரை விலக்காகக் கொண்டார்கள். அவர்கள் காலத்தில் அது பிழையன்று. நிகழ்ச்சி குறித்த வேளையில் தொடங்கும். குறித்த வேளையில் முடியும். முடிந்ததும் நேயர் தம் வீட்டாரிடம் திரும்பித்தான் ஆகவேண்டும்.

அந்த முடிவு இன்று இல்லை. யூடியூப் 2005இல் தோன்றியது. விளையாட்டை ஒளிபரப்பிக்கொண்டே மணிக்கணக்கில் நேயரோடு பேசும் ட்விட்ச் 2011இல் தோன்றியது. 2014இல் அமேசான் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிற்று. 2017இல் யூடியூப் 'சூப்பர் சாட்' என்னும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. நேரலையில் பேசுபவருக்கு நேயர் பணம் செலுத்தினால், நேயரின் வாசகம் வண்ணப் பட்டையில் மேலே நிற்கும். பணம் கூடக்கூட அது நிற்கும் நேரமும் கூடும். பேசுபவர் அதைக் கண்டு நேயரின் பெயரைச் சொல்லி நன்றி கூறுவார். பிரபலங்களிடம் பணம் கட்டி, தம் பெயர் சொல்லி வாழ்த்தும் ஒளிப்பதிவைப் பெற்றுத்தரும் 'கேமியோ' என்னும் வணிகமும் அதே 2017இல் தொடங்கிற்று.

தனிமைப் பெண்ணின் காலத்தில் விற்கப்பட்டது புகையிலை. அண்மை என்பது அதை விற்பதற்கான உபாயம். இன்று விற்கப்படுவது அண்மையேதான். ஒருவர் தம் பெயரைப் பிறர் வாயால் கேட்கும் அந்த ஒரு கணத்துக்கு விலைப்பட்டியல் உண்டு. 2023இல் அமெரிக்க இணையப் பிரபலம் ஒருவரின் குரலையும் பேச்சுப் பாங்கையும் படியெடுத்த செயற்கை அறிவுப் பொறி ஒன்று, நிமிடத்துக்கு ஒரு டாலர் என்ற கணக்கில் 'காதலி'யாக உரையாட முன்வந்தது. 1956இல் இல்லாத மறுமொழி 2023இல் கிடைத்துவிட்டது. ஆனால் மறுமொழி கூறும் இடத்தில் எவரும் இல்லை! முகமூடி பேசக் கற்றுக்கொண்டது, முகந்தான் போய்விட்டது.

பேசுபவர் அனைவரும் வஞ்சகர் என்று இதனால் நாம் கூற வரவில்லை. அவர்களுள் உழைப்பாளிகள் பலர். நேயர்பால் மெய்யான நன்றி உடையவர்களும் உளர். ஆயினும் பல்லாயிரவரை ஒருவர் அறிய முடியாது. இது ஒழுக்கத்தைப் பற்றிய குறை அன்று. எண்ணிக்கையைப் பற்றிய உண்மை.

தனிமையின் கணக்கு

இனி, தனிமையை நோக்குவோம். 2018இல் பிரிட்டனும் 2021இல் ஜப்பானும் தனிமைப் பிரச்சினைக்கென்றே அமைச்சர்களை நியமித்தன. 2023இல் அமெரிக்காவின் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, தனிமையை ஒரு கொள்ளைநோயாகக் கருதி அறிக்கை வெளியிட்டார். அதில் ஒரு கணக்கு நெஞ்சைத் தொடுவது. 15 முதல் 24 வயதுடைய அமெரிக்கர், நண்பர்களோடு நேரில் கழித்த பொழுது 2003இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 நிமிடம். 2020இல் 40 நிமிடம். 2020 பெருந்தொற்று ஆண்டு என்பதை மறத்தல் கூடாது. எனினும் சரிவு அதற்குப் பல்லாண்டு முன்னரே தொடங்கிவிட்டது. 2025 ஜூனில் உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு வெளியிட்ட அறிக்கை, உலகில் அறுவருள் ஒருவர் தனிமையால் வருந்துவதாகக் கூறுகிறது. 13 முதல் 29 வயதுடையோரில் நூற்றுக்கு 17 முதல் 21 பேர் வரை தனிமையை உணர்வதாகவும் அது கூறுகிறது.

இந்த இரு செய்திகளையும் அருகருகே வைத்தவுடன் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். 'தனிமையுற்றவர்களே திரையில் தெரியும் முகங்களைப் பற்றிக்கொள்கிறார்கள். பற்றிக்கொண்டதனால் மேலும் தனிமையுறுகிறார்கள்' என்பது அம்முடிவு. கேட்பதற்குச் சீராக இருக்கிறது. ஆனால் ஆய்வு அவ்வளவு எளிதாக அதற்கு இடங்கொடுக்கவில்லை. 1985இல் ரூபின், பெர்ஸ், பவல் என்னும் மூவர், தொலைக்காட்சிச் செய்தி வாசிப்போர்பால் நேயர் கொள்ளும் பற்றை அளப்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்தனர். தனிமை மிக்கவரிடமே அப்பற்று மிகும் என்னும் எதிர்பார்ப்பு அங்கே மெய்ப்படவில்லை. நண்பர் சூழ வாழ்பவரும் அத்தகைய பற்றுக் கொள்கின்றனர்.

ஆகவே, பற்றை நோய் என்பது பொருந்தாது. காணாதவரை நேசித்தலும், தம்மை அறியாதவர்பால் உள்ளம் நெகிழ்தலும் மனித இயல்பு. பன்னூறாண்டுகளுக்கு முன் மண்ணில் மறைந்த ஓர் ஆசிரியரின் கிதாபை விரித்துவைத்துக்கொண்டு, 'நம் மனத்தில் உள்ளதை இவர் எப்படி அறிந்தார்!' என்று வியக்கின்ற நாம் மட்டும் அதற்கு விலக்கா? அப்படியானால் மாறியது எது? பழைய இலக்கியங்களைக் கேட்போம்.

உலா கடந்த வீதி

தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் கைக்கிளையை முதலில் வைத்தார். பெருந்திணையை இறுதியில் வைத்தார். காமத்தை அறியும் பருவம் எய்தாத இளையவளிடம் ஒருவன் உரையாடுகிறான். அவளிடமிருந்து மறுமொழி இல்லை. பேசுவதிலேயே அவன் மகிழ்வு கொள்கிறான். இதுவே அவர் வகுத்த இலக்கணத்தின் சாரம்.

இப்போது ஒத்துநோக்குங்கள். கைக்கிளையில் பேசுபவன் காதலன். மௌனம் காப்பவள் காதலிக்கப்படுபவள். இன்றைய உறவில் இது தலைகீழ். நேசிப்பவன் வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நேசிக்கப்படுபவரே ஓயாமல் பேசுகிறார். கைக்கிளையின் மௌனத்தில் ஒரு நேர்மை இருந்தது. மறுமொழி இல்லை என்பது காதலனுக்குத் தெளிவாகத் தெரியும். இங்கோ, மறுமொழி கிடைத்துக்கொண்டே இருப்பதைப் போன்ற ஒரு மயக்கம். ஒருதலை என்பதை மறைப்பதற்கே இங்கே பேச்சு பயன்படுகிறது.

தொல்காப்பியர் இன்னும் ஒரு நுட்பம் வைத்தார். ஒவ்வோர் அகத்திணைக்கும் ஒரு புறத்திணை உண்டல்லவா? கைக்கிளைக்குப் புறனாக அவர் வைத்தது பாடாண் திணை. புலவன் ஒரு தலைவனைப் புகழ்ந்து பாடுவது அது. ஒருதலைக் காதலையும் புகழ்ப்பாட்டையும் ஒரே பொருளின் உள்ளும் புறமுமாக அப்பெரியார் கண்டிருக்கிறார். பாடாணில் புகழ்ந்தவன் பரிசில் பெற்றான். நேரலையிலோ, புகழ்பவனே பரிசிலும் கொடுக்கிறான்! புகழும் பொருளும் ஒரே திசையில் பாய்வதைப் பழைய புரவலர் கண்டால் வியந்துபோயிருப்பர்.

பிற்காலத்தார் பெண்பாற் கைக்கிளையையும் வகுத்தனர். முத்தொள்ளாயிரத்தில் நமக்குக் கிடைத்துள்ள பாடல்கள் பலவற்றில், வீதியில் உலாப்போகும் மூவேந்தர்பால் கன்னியர் உள்ளம் இழக்கிறார்கள். அன்னையர் சாத்திய கதவை மகளிர் மீண்டும் மீண்டும் திறப்பதால் கதவின் குடுமியே தேய்ந்துபோனதாக ஒரு புலவர் நயம்படக் கற்பனை செய்கிறார். ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மேல் உலாப் பாடினார். பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுபருவ மகளிரும் மன்னனைக் கண்டு மயங்குவதைப் பாடுவதே அந்த இலக்கிய வகையின் மரபு. மன்னன் அவர்களுள் எவர் பெயரையும் அறியான். பெரும்புகழ் படைத்த ஒருவர்பால் வீதி மக்கள் கொள்ளும் ஒருதலைப் பற்றுக்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழர் படைத்து வைத்திருந்தனர் என்றால், இப்பொருளைப் புதுமை என்று சொல்வதெப்படி?

ஆனால் உலா என்பதன் இலக்கணம் யாது? அது கடந்து போவது. யானை வரும், முரசு ஒலிக்கும், மன்னன் திருமுகம் ஒரு கணம் தோன்றும், உலா அடுத்த வீதிக்குத் திரும்பிவிடும். வீதி மீண்டும் வீதியாகும். கன்னி தன் வீட்டுக்குள் திரும்புவாள். அங்கே அவள் கூற்றைக் கேட்க யார் இருப்பர்? தோழி இருப்பாள், அன்னை இருப்பாள். முத்தொள்ளாயிரக் கன்னியர் தம் துயரைத் தோழியிடமும் அன்னையிடமும் முறையிடுவதைக் காணலாம். காதல் ஒருதலையாயினும் துயர் ஒருதலை அன்று. துயருக்குச் செவி இருந்தது.

புறாவின் கழுத்துவளையம்

அறபு இலக்கியத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 384இல், அதாவது கி.பி. 994இல், அந்தலூஸின் குர்துபா நகரில் பிறந்த இப்னு ஹஸ்ம், மார்க்கச் சட்ட அறிஞர். வாதத்தில் கூர்வாள் போன்றவர். அவரே, 'தவ்குல் ஹமாமா' என்னும் 'புறாவின் கழுத்துவளைய'த்தை ஷாத்திபா நகரில் இருந்துகொண்டு எழுதினார். அன்பின் இயல்புகளை முப்பது பாபுகளில் ஆராயும் நூல் அது.

கனவில் கண்டவளை நேசித்தவரைப் பற்றி அதில் ஒரு பாபு. வருணனையைக் கேட்டே நேசித்தவரைப் பற்றி ஒரு பாபு. ஒரே பார்வையில் நேசித்தவரைப் பற்றி ஒரு பாபு. நெடுங்காலம் பழகிய பின்னரே நேசிப்பவரைப் பற்றி ஒரு பாபு. காணாமலே நேசிப்பவர், தம் மனத்தில் ஓர் உருவத்தைத் தாமே எழுப்பிக்கொள்கிறார் என்பதும், நேரில் காணும் நாளில் அந்த நேசம் வலுப்படும் அல்லது அடியோடு வீழும் என்பதும் அவர் கருத்து. தனிமைப் பெண் முகமூடி அணிந்ததன் காரணத்தை, அவளுக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முன்னரே அவர் கூறிவிட்டார் எனலாம்.

கனவுக் காதல் பற்றிய பாபில் ஒரு நண்பரின் நிகழ்ச்சி வருகிறது. கனவில் கண்ட ஒருத்தியை எண்ணி அந்நண்பர் உருகுகிறார். இப்னு ஹஸ்ம் அவரைக் கடிந்துகொள்கிறார். குளியல் மண்டபத்துச் சித்திரம் ஒன்றை நேசித்திருந்தாலும் இதைவிட மன்னிக்கலாம் என்னும் பொருள்பட இடித்துரைக்கிறார். சித்திரமாவது இருக்கிறதே என்பது வாதம். இந்த இடத்தைப் படிப்போர் அந்த நகைச்சுவையோடு நின்றுவிடுவதுண்டு. நாம் மற்றொன்றையும் காண்கிறோம். அந்த நண்பர் தம் கனவைச் சொன்னார். சொல்வதற்கு ஒருவர் இருந்தார். கேட்டவர் அவர் தெளிவு பெறும்வரை விடாமல் எடுத்துரைத்தார். அசட்டுக் காதலைத் தீர்த்த மருந்து அறிவுரையன்று. அதற்கு முன்னர் இருந்த நட்பு.

அதே நூலில் உதவும் நண்பனைப் பற்றித் தனியே ஒரு பாபு உண்டு. நேசிப்பவனுக்கு வாய்க்கும் பெரும்பேறுகளுள் ஒன்றாக, இரகசியம் காக்கும் தோழனை இப்னு ஹஸ்ம் எண்ணுகிறார். சிறிதளவு கிடைத்தாலும் போதும் என்று நேசிப்பவன் நிறைவு கொள்வதைப் பற்றியும் ஒரு பாபு உண்டு. நேரலையில் தன் பெயர் ஒருமுறை ஒலித்ததை எண்ணி ஒரு கிழமை மகிழ்ந்திருக்கும் இளைஞனை அந்தப் பாபில் சேர்த்துவிடலாம். இகழ்வதற்காக அன்று, அவன் நெஞ்சமும் பழைய மனித நெஞ்சமே என்பதற்காக.

குர்துபாவும் உறையூரும் ஒன்றையொன்று அறியா. ஆயினும் இரு மரபுகளும், எட்டாத அன்பு கொண்டவரைத் தனியே விடவில்லை. அவர் அருகே ஒரு தோழியையோ தோழனையோ நிறுத்தியிருக்கின்றன. இதைத்தான் நாம் உரைகல்லாகக் கொள்கிறோம். இன்றைய கைக்கிளையில் புதிதாக நேர்ந்தது, உலாப் போகிறவரே வீதியை விட்டு நகராமல் வீட்டுக்குள் புகுந்து, தோழியின் ஆசனத்திலும் அமர்ந்துகொண்டதாகும். அவரை எண்ணி வருந்தும்போதும் அவர் குரலே ஆறுதல் கூறுகிறது. தேர்வில் தோற்றாலும், வேலை போனாலும், உறக்கம் வராத நள்ளிரவிலும் அதே குரல். தலைவனும் தோழியும் ஒருவரேயானால் அகப்பாட்டு ஏது? கூற்று ஏது? நேசிப்பவன் நெஞ்சில் உள்ளது வெளியே வருவதற்கு வாயிலே இல்லாமற் போகிறது. 'தனிமை' என்னும் சொல்லால் நாம் குறிப்பது இதைத்தான். பேச்சைக் கேட்கக் கிடைக்காத வறுமை அன்று இது; கேட்கப்படாத வறுமை.

தோழமையின் உரிமைகள்

நட்பு எது என்பதை அளக்க ஒரு கோல் வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ஹிஜ்ரி 450–505) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் தோழமைக்கென ஒரு தனிப் பகுதியும், அதை அடுத்தே தனித்திருத்தலுக்கென ஒரு தனிப் பகுதியும் வகுத்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்த முறையே ஒரு பாடம். தனித்திருத்தல் தனிமைத் துயர் அன்று. விரும்பி மேற்கொள்ளும் தனிமைக்கு நன்மைகள் உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. தோழமைப் பகுதியில் தோழனுக்குரிய ஹக்குகள் எட்டினை விரிக்கிறார். பொருளால் உதவுதல், உடலால் உதவுதல், குறை பேசாது நாவடக்கல், நல்லன எடுத்துப் பேசுதல், பிழை பொறுத்தல், துஆச் செய்தல், நன்றி மாறாத வாய்மை, ஒருவர்க்கொருவர் சுமையாகாமை என்பவை அவை.

இக்கோலால் இன்றைய உறவை அளப்போம். பொருள் உண்டு, அது ஒரு திசையில் மட்டும் செல்கிறது. உடலால் உதவுதல் இரு திசையிலும் இல்லை. பிழை பொறுத்தலில்தான் நுட்பம் இருக்கிறது. நேசிக்கப்பட்டவர் ஒரு பிழை செய்துவிட்டால், நேயன் அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்ள இயலாது. மன்னித்தேன் என்று தோளில் கைவைக்கவும் இயலாது. ஆயிரவரோடு சேர்ந்து வசைபாடலாம். அல்லது ஆயிரவரோடு சேர்ந்து கண்மூடிக்கொள்ளலாம். நேயன் பிழை செய்தாலோ, பொறுப்பதற்கு எதிரே ஆள் இல்லை. மன்னிக்கவும் மன்னிக்கப்படவும் வாய்ப்பில்லாத உறவில் ஓர் உள்ளம் எப்படி முதிரும்?

எட்டாவது ஹக்கு இன்னும் ஆழமானது. சுமையாகாமை என்பது தோழமையின் கனி. இருவர் ஒருவரையொருவர் சுமந்து பழகிய பின்னரே, சுமை தெரியாமற் போகிறது. திரைமுகமோ தொடக்கத்திலிருந்தே சுமையற்றது. பணிவிடை கேளாது, நோய்வாய்ப்படாது, கடன் கேளாது. மரம் நடாமலே கிடைத்த கனியை உண்டு பழகியவனுக்கு மெய்யான நண்பன் கனமாகத் தோன்றுவது இயல்பல்லவா? இளைஞர் சிலர் நேர்ப்பழக்கத்தைக் கண்டு அஞ்சுவதன் காரணம் இங்கே இருக்கிறது. ஹார்ட்டனும் வோலும் 'கடமை இல்லை' என்று ஒரு பண்பாகக் குறித்துச் சென்றதை, கஸ்ஸாலியின் கோல் ஒரு பற்றாக்குறையாகக் காட்டுகிறது.

நூலுக்கும் இது பொருந்தாதா என்று கேட்கலாம். இப்னு ஹஸ்மும் நமக்குப் பணிவிடை செய்யமாட்டார்தான். ஆயினும் நூல் நம்மை அறிந்ததாக நடிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் அது முடிகிறது. முடிந்ததும், படித்ததைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைத் தேடி நம்மை வெளியே அனுப்புகிறது. மதரஸாக்களில் ஒரு கிதாபை இருவர் எதிரெதிரே அமர்ந்து பாடம் திருப்பும் வழக்கத்தை நாம் அறிவோம். அங்கே நூல் நடுவில் இருக்கிறது. தோழமை இரு பக்கத்திலும் இருக்கிறது. ஒரு திரைமுகத்தையே நண்பர் இருவர் சேர்ந்து பார்த்து, சேர்ந்து சிரித்து, சேர்ந்து விவாதித்தால் அதுவும் தீதன்று. இலக்கியம் நமக்குக் கற்பிப்பது, எதை நேசித்தாய் என்பதைவிட, அந்த நேசத்தை யாரோடு பேசினாய் என்பது முதன்மையான வினா என்பதே.

கடிவோர்க்கு ஒரு சொல்

இறுதியாக, வயதில் மூத்தோர்க்கு. இப்னு ஹஸ்ம் அன்புக்கு நேரும் ஆபத்துகளை எண்ணும்போது கடிந்துரைப்போனை முதலில் வைக்கிறார். கடிவோரிலும் இரு வகை காண்கிறார். கூச்சம் நீங்கிப் பழகிய நண்பன், அளவறிந்து, வேளையறிந்து கடிவது ஒரு வகை. அது உதவிகள் பலவற்றினும் சிறந்தது. ஓயாது நச்சரிப்பது மற்றொரு வகை. அதனால் பற்று மேலும் முறுக்கேறுவதுண்டு. கடிவோரை மீறுவதே இன்பமாகிவிடுவதும் உண்டு என்கிறார்.

நம் மேடைகளிலும் இல்லங்களிலும் ஒலிப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. 'யாரென்றே தெரியாத ஒருவனைப் பார்த்து என்ன சிரிப்பு?' என்று கேட்கிறோம். யார் அவர், எதற்காக அவரை உனக்குப் பிடித்திருக்கிறது, அவர் கூறியதில் எது உன் நெஞ்சைத் தொட்டது என்று கேட்பவர் எத்தனை பேர்? முன்னைய வினா கதவைச் சாத்துகிறது. சாத்திய கதவின் குடுமி தேயும் என்பதை முத்தொள்ளாயிரம் பாடியவர் அறிந்திருந்தார். பின்னைய வினா தோழியின் வினா. அதற்கு விடை கூறத் தொடங்கும் இளைஞன், அந்தக் கணத்திலேயே கேட்கப்படுபவன் ஆகிறான்.

ஆகவே, 'பாராசோஷியல்' என்பதைக் கைக்கிளை என்று மொழிபெயர்க்க விழைவோர் அவ்வாறே செய்யட்டும். நாம் தடை கூறவில்லை. ஆனால் ஓர் அடைமொழி சேர்த்துச் சொல்லட்டும்: தோழி இல்லாக் கைக்கிளை. அந்த அடைமொழி இளைஞரைக் குறைகூறுவதாகாது. இல்லாதிருப்பது தோழி, அந்த ஆசனம் காலியாகக் கிடந்ததனால்தான் வணிகன் அங்கே வந்து அமர்ந்தான். 150 நிமிடம் 40 ஆகத் தேய்ந்த கணக்கை நாம் அமெரிக்கச் செய்தி என்று படித்துவிட்டு மூடிவைக்கலாம். அல்லது, நம் வீட்டில் இன்று ஓர் இளைய குரலை எத்தனை நிமிடம் இடைமறியாமல் கேட்டோம் என்று எண்ணிப் பார்க்கலாம். இரண்டாவதைச் செய்கிறவர் வீட்டில் வணிகனுக்கு அந்த ஆசனம் கிடைக்காது.